கனகாம்பரத்துக்கு எதிர் நிறம் எது? சின்னப் பூ குவில்ட் தைக்கிறேன், கண் கூசுகிறது

நூல்கண்டு (திருநெல்வேலி)

வணக்கம் தோழிகளே. சுவரில் மாட்ட 12 அங்குலச் சதுரத்தில் ஒரு சின்னக் குவில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற வேலை) ஆரம்பித்திருக்கிறேன். பூ வேலைதான், முழுக்கக் கனகாம்பரம். எங்கள் ஆச்சிக்காகத் தைக்கிறேன். சாயங்காலமானால் வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டுவாள். இப்போது முட்டிவலி, அறையை விட்டு அதிகம் வருவதில்லை. அவள் கட்டிலுக்கு எதிரே சுவர் வெறுமையாகக் கிடக்கிறது.

நிறங்களை வட்டமாக அடுக்கிய சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது, அதாவது அதன் எதிர் நிறம், நீலம் என்று படித்ததை வைத்து, கனகாம்பரக் கலரில் அரை மீட்டர், ஆனந்தா நீலத்தில் அரை மீட்டர், ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ ரூபியாத் துணி வாங்கினேன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற பியூசிங் தாள் வைத்துப் பூக்களை வெட்டி, நீலத்தின் மேல் இஸ்திரி போட்டு ஒட்டியாயிற்று. பெரிய பெரிய பூக்கள், பாதி இடத்தை அடைத்துவிட்டன. தூக்கிப் பிடித்துப் பார்த்தால் பூவின் ஓரமெல்லாம் அதிர்கிறது. இரண்டு நிமிஷம் பார்த்தால் கண் கூசுகிறது. தனித்தனியாக இரண்டு துணியும் அவ்வளவு அழகு. எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்றுதானே சொல்கிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் இப்படி? இன்னும் பஞ்சு வைக்கவில்லை, தைக்கவும் இல்லை. மாற்றிவிடலாம்.

கால்மீட்டர் (மதுரை)

மேட்சிங் சென்டரில் 14 வருஷம் நின்றவள் நான். ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கருப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். நிறம் எதிரும் புதிருமாக இருக்கிறது, ஆனால் வெளிச்சமும் இருட்டும் ஒரே அளவு. கண்ணுக்கு ஓரம் பிடிபடாமல் அலைகிறது.

இன்னொன்று, டியூப் லைட் அடியில் எடுத்த துணியை நம்பாதீர்கள். கடையில் ரவிக்கைத்துணி எடுக்க வருகிறவர்களைச் சேலையோடு வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் காட்டிவிட்டுத்தான் வெட்டுவோம். உள்ளே அச்சு அசலாகச் சேர்ந்த நீலம் வெளியே வந்ததும் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும்.

நூல்கண்டு (திருநெல்வேலி)

கால்மீட்டர் அக்கா, எடுத்துப் பார்த்தேன். பூ எது, தரை எது என்றே தெரியவில்லை! ஒரே சாம்பல். இவ்வளவு நாள் தைக்கிறேன், இப்படி ஒரு முறை பார்க்கத் தோன்றவே இல்லை.

சாயத்தொட்டி (ஈரோடு)

அக்கா சொன்னது முழுக்கச் சரி. இது ஏன் நடக்கிறது என்பதற்குப் பின்னால் எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவாலை. 1824இல் அங்கே சாயப்பிரிவுக்குத் தலைவராக வந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கருப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, நீலம், ஊதா பக்கத்தில் வைத்து நெய்தால் கருப்பு வெளுத்துத் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. அவர் வேறு இடத்துக் கருப்பு நூலையெல்லாம் வரவழைத்துச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கருப்பைக் கெடுத்தது. ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தைப் பக்கத்துத் துணியின் மேல் லேசாகப் பூசுகிற மாதிரி நம் கண் பார்க்கிறது என்று 1839இல் விரிவாக எழுதினார். சாயக்காரன் என்கிற முறையில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீலம் தன் பக்கத்துத் துணியின் மேல் ஆரஞ்சைப் பூசும். ஆரஞ்சு நீலத்தைப் பூசும். அதனால் கனகாம்பரம் இருப்பதைவிடக் கனன்று தெரியும், நீலமும் அப்படியே. இரண்டும் சம பலத்தோடு, சம வெளிச்சத்தோடு, சம இடத்தில் நின்றால் அந்தத் தூக்கல் சண்டையாகிவிடும். ஒன்று பேச வேண்டும், மற்றது கேட்க வேண்டும்.

எதிர் நிறம் எது என்று கண்ணையே கேட்கலாம். கனகாம்பரத் துணியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி வெள்ளைத் தாளில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் 30 விநாடி இமைக்காமல் பாருங்கள். துணியை எடுத்துவிட்டு அதே இடத்தைப் பாருங்கள். ஒரு வெளிறிய வட்டம் மிதக்கும். அதன் நிறம்தான் உங்கள் துணிக்கு எதிர். ஓவியர்களின் நிறச் சக்கரம் சுத்த நீலம் என்று சொல்லும், கண் அதைவிடப் பச்சை கலந்த நீலமாகக் காட்டும் என்பது என் அனுபவம்.

கால்மீட்டர் (மதுரை)

தம்பி சொல்வதைக் கடைப் பேச்சில் சொன்னால், ஆனந்தா நீலத்துக்கும் ராமா பச்சைக்கும் நடுவே. மயில் கழுத்து. கனகாம்பரக் கலர் பட்டுக்கு மயில் கழுத்து பார்டர் போட்டுக் கல்யாணச் சேலை எத்தனை போயிருக்கும்! சக்கரம் பார்க்காமலேயே நம் நெசவுக்காரர்களுக்கு இது கைவந்திருக்கிறது. கத்தரிப்பூ நிறத்துக்கு மாம்பழ மஞ்சள், அரக்குக்குப் பச்சை, எல்லாமே எதிர் நிறம்தான். அதுவும் பாருங்கள், உடல் ஒரு நிறத்தில் அகலமாக ஓடும், பார்டர் சின்னதாக நிற்கும். பாதிக்குப் பாதி நெய்வது குறைவுதான்.

வடிவு (டொராண்டோ)

வணக்கம் அக்காமார். நான் இங்கே ஒரு குவில்ட் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறன். கால்மீட்டர் அக்கா சொன்ன அந்த பார்டர் கணக்கைத்தான் எங்களுக்கு முதல் வகுப்பில் சொல்லித்தந்தவை. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை படிப்பித்த யோஹன்னஸ் இட்டன் என்பவருடைய கணக்கு. அதுக்கு அடி, கவிஞர் கோத்தே நிறங்களின் வெளிச்சத்துக்குக் கொடுத்த எண்கள். மஞ்சளுக்கு 9, ஆரஞ்சுக்கு 8, சிவப்புக்கும் பச்சைக்கும் 6, நீலத்துக்கு 4, ஊதாவுக்கு 3. வெளிச்சம் கூடின நிறத்துக்கு இடம் குறைய வேணும். அப்படிப் பார்த்தால் ஆரஞ்சு ஒரு பங்கு, நீலம் இரண்டு பங்கு. மஞ்சளும் ஊதாவும் என்றால் ஒன்றுக்கு மூன்று. சிவப்பும் பச்சையும் மட்டும் சரிபாதி.

உங்கட குவில்ட் 144 சதுர அங்குலம். பூக்கள் எல்லாம் சேர்த்து 48க்கு மேல் போகாமல் பாருங்கோ. நான் என்றால் 30இலேயே நிற்பாட்டுவன். பெரிய பூ நாலு வைக்கிறதைவிடச் சின்னப் பூ பத்துப் பதினொன்றைக் கொத்தாக ஒரு மூலையில் இருந்து சரியவிட்டால் வடிவாக இருக்கும். தரை முழுக்க ஒரே நீலம் வேண்டாம். நாலைந்து நீலத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இணையுங்கோ, மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே இருட்டு. பூவில் மூன்று ஆரஞ்சு.

தேர்ச்சீலை (கும்பகோணம்)

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. தரையை இருட்டாக்கித்தான் தீரவேண்டும் என்று இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தேரில் தொங்குகிற தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். குழாய் மாதிரி உருட்டித் தைத்து, மேலே துணியை வெட்டி ஒட்டுவேலை செய்திருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை, கருப்பு, எல்லாம் பளிச்சென்று. பச்சைக்கு மேல் சிவப்புப் பூ நேராக உட்கார்ந்தால் கூசத்தான் செய்யும். நடுவில் விரல் நகம் அகலத்துக்கு வெள்ளையோ மஞ்சளோ ஓடினால் கூச்சம் அப்படியே அடங்கிவிடும். வீதியின் அந்தக் கோடியில் தேர் வரும்போதே பூ பூவாகத் தெரியும். வாங்கிய துணியை வீணாக்காமல் பூ ஓரத்தில் ஒரு கோடு கொடுத்துப் பாருங்கள்.

வடிவு (டொராண்டோ)

தேர்ச்சீலை அக்கா, தேருக்கு அது சரி, எட்டத்தில் நின்று பார்க்கிறது. இது கட்டிலுக்கு எதிரே, நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய பொருள். எனக்கு இருட்டுத் தரைதான் மனதுக்குப் பிடிக்குது. ஆனால் அந்தக் கோடு நல்ல யோசனை, ரெண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நூல்கண்டு (திருநெல்வேலி)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சாயத்தொட்டி அண்ணன் சொன்ன மாதிரி வட்டம் வெட்டிப் பார்த்தேன். வெளிறிய பச்சை கலந்த நீலம் மிதந்தது! என் பையனும் உட்கார்ந்து பார்த்தான், அவனுக்கும் அதேதான்.

சரி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஒரு கண்ணில் அறுவை. முந்தாநாள் அந்த ஆனந்தா நீலத்தைக் கையில் கொடுத்து என்ன நிறம் என்று கேட்டேன். "அழுக்குப் பச்சை மாதிரி இருக்கு" என்றாள். கனகாம்பரத்தை மட்டும் பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். அவள் கண்ணுக்குத் தெரியாத நீலத்தை நான் எதற்குத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கண்ணாடிப்பெட்டி (கோயம்புத்தூர்)

நான் கண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தோழி, வருத்தப்பட வேண்டாம். வயதாக ஆகக் கண்ணின் உள்வில்லை மஞ்சளாகும், புரை முற்றினால் பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி. நீல ஒளியைத்தான் அது அதிகம் தடுக்கும். அதனால் நீலமும் ஊதாவும் மங்கி இருட்டாகத் தெரியும். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு அவ்வளவு கெடாது. ஆச்சி சொன்ன அழுக்குப் பச்சை அப்படி வந்ததுதான்.

இதைத் தைப்பதற்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்றால், அவர்களுக்கு நாலைந்து நீலத்தின் நுணுக்கம் பிரியாது, வெளிச்சமும் இருட்டும் பிரியும். தரையை நல்ல இருட்டில் வையுங்கள், பூவை வெளிச்சத்தில் வையுங்கள். நீலம் அவர்களுக்குக் கருப்பாகத் தெரிந்தாலும் பூ தெளிவாக நிற்கும். அறுவை முடிந்தால் நீலமும் தெரியும். கட்டு அவிழ்த்த பிறகு சுவரையும் வானத்தையும் பார்த்து "இவ்வளவு நீலமா" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தேர்ச்சீலை (கும்பகோணம்)

இதைக் கேட்ட பிறகு இருட்டுத் தரைக்கே என் ஓட்டும். ஓரக் கோடு மட்டும் கட்டாயம் போடுங்கள். சந்தன நிறத்தில்.

மல்லிப்பந்து (சேலம்)

நடுவில் ஒரு கேள்வி. டிசம்பர் பூவை ஊதாவில் வைத்து மஞ்சள் தரை போட்டால்? அப்புறம் கருநீலம் என்றால் சாயம் போகுமே, கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துவிடுங்கள் நூல்கண்டு. எங்கள் அம்மா எந்தப் புதுத்துணியையும் அப்படித்தான் செய்வார்.

வடிவு (டொராண்டோ)

மஞ்சள் தரை போட்டால் பூவை விழுங்கிவிடும். ஊதாத் தரையில் மஞ்சள் சாமந்தி வையுங்கோ, அல்லது டிசம்பர் பூக்களை நெருக்கி நிரப்பி, மஞ்சளை இடையிடையே கீற்றாக மட்டும் விடுங்கோ.

சாயத்தொட்டி (ஈரோடு)

உப்பு பற்றி, மல்லிப்பந்து அம்மா மேல் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்புப் போடுகிறோம், உண்மை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ள அது உதவும். ஆனால் கடைக்கு வந்துவிட்ட துணியில் தங்கியிருக்கிற உதிரிச் சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. வினிகரும் பருத்தியில் நிறுத்தாது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பு ஏற்பட்டால்தான் நிற்கும்; பிணையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். பட்டறையிலேயே கொதிக்கும் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி எடுப்பது அதற்குத்தான். அவசரத்தில் அந்த அலசல் குறைந்த துணிதான் வீட்டில் சாயம் விடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், கருநீலத்தைத் தனியாக ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. கடைசியாக ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணித்துண்டில் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறாவிட்டால் தைக்கலாம். ஆரஞ்சுக்கும் இதே சோதனை. துவைத்த துணி சுருங்கியும் விடும், அதனால் வெட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மல்லிப்பந்து (சேலம்)

நன்றி அண்ணா. இத்தனை நாள் உப்பை வீணாக்கியிருக்கிறோம். அம்மாவிடமும் சொல்கிறேன்.

நூல்கண்டு (திருநெல்வேலி)

புதிதாகத் துணி எடுத்துவிட்டேன். தரைக்கு இருட்டான மயில் கழுத்து, அதற்கு அடுத்த கருநீலம், பழைய ஆனந்தா நீலத்தில் ஒரே ஒரு கீற்று. ஆரஞ்சில் பழைய கனகாம்பரம், டெல்லிக் கனகாம்பரம் மாதிரி ஆழமான ஒன்று, வெளுத்த ஆரஞ்சு ஒன்று. கருநீலம் மூன்று அலசல் வரை தண்ணீரை நீலமாக்கியது, நாலாவதில்தான் தெளிந்தது. அலசாமல் தைத்திருந்தால் பூவெல்லாம் கறையாகியிருக்கும்.

கனகாம்பரத்தின் அமைப்பைப் பார்க்கச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து மேஜையில் வைத்தேன். அது வட்டப் பூவே இல்லை. ஐந்து மடலும் ஒரே பக்கம் விரிந்து, கைவிசிறி மாதிரி இருக்கிறது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை, நேராகக் காம்புக் குழாய். ஓரங்கள் லேசாக அலை அலையாக. இத்தனை வருஷம் தலையில் வைத்திருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை.

இரண்டு சந்தேகம். பியூசிங் தாளில் வரைந்து வெட்டினால் பூ இடம் வலம் மாறிவிடுகிறது. அப்புறம், பஞ்சுக்குப் பாலியஸ்டர் விரிப்புத்தான் இங்கே கிடைக்கிறது, புஸ்ஸென்று உப்பிக்கொண்டு நிற்கிறது.

வடிவு (டொராண்டோ)

தாளில் வரைகிறது துணியின் பின்பக்கம் ஒட்டுவதால் எப்பவும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பும். வரைந்த படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்பக்கமாக நகல் எடுத்து, அதைத் தாளில் வரையுங்கோ. சில பூவைத் திருப்பாமலும் விடுங்கோ. கொத்தில் பூக்கள் நாலு பக்கமும் பார்த்தால்தான் இயல்பு.

பஞ்சுக்கு உப்பல் வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து நாலு மடிப்பாகப் போட்டாலே 12 அங்குலத்துக்குப் போதும், தட்டையாகச் சுவரில் நிற்கும். பாலியஸ்டர் போட்டால் அதன் மேல் சூடான இஸ்திரி வைக்காதேங்கோ, உருகிப் பலகை மாதிரி ஆகிவிடும். துணியையும் பஞ்சையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கு முன் பூக்களை ஒட்டி முடித்துவிடுங்கோ.

தேர்ச்சீலை (கும்பகோணம்)

அடித்துணி, வேட்டி மடிப்பு, மேல்துணி மூன்றையும் சுருக்கம் இல்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி சேர்ந்து மேடு தட்டும். அடித்துணியும் வேட்டியும் நாலு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

கால்மீட்டர் (மதுரை)

மேலே போடுகிற ஓட்டுத்தையலுக்கு என்ன கலர் நூல் என்று யாரும் சொல்லவில்லையே? தரை முழுக்க ஆரஞ்சு நூலில் நெருக்கமாக ஓட்டிவிடாதீர்கள். தறியில் ஊடும் பாவும் எதிர் நிறமாகப் போட்டால் தூரத்தில் இரண்டும் கலந்து மங்கல் நிறமாகத் தெரியும், டபுள் ஷேட் சேலையில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி உங்கள் நீலம் மங்கிவிடும். தரைக்கு அதே நீல நூல். பூவின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும் ஆரஞ்சு மேல் நாலு இழை நீலம் ஓட்டுங்கள், கருப்பு நூல் போட்டதைவிட உயிராக இருக்கும்.

நூல்கண்டு (திருநெல்வேலி)

முடித்துவிட்டேன்! வேலை 17 நாள். பூ 11. ஓரத்துக்குச் சந்தன நிற நூலில் கையாலேயே காஜா தையல், தரைக்குக் கால் மிஷினில் நீல நூலில் அலை அலையாக ஓட்டம். நிழலுக்கு நீல இழை போட்டேன். கால்மீட்டர் அக்கா, அது ஒன்றுக்காகவே உங்களைத் தேடி மதுரைக்கு வர வேண்டும். தட்டையாகக் கிடந்த பூ எழுந்து உட்கார்ந்துவிட்டது. கருப்பு வெள்ளைப் படத்திலும் 11 பூவும் தனித்தனியாகத் தெரிகின்றன.

மல்லிப்பந்து (சேலம்)

கரை கட்ட எவ்வளவு துணி ஆனது? மாட்டுவதற்கு வளையமா?

நூல்கண்டு (திருநெல்வேலி)

கரைக்கு இரண்டேகால் அங்குல அகலத்தில் கருநீலக் கீற்று, நீளம் 58 அங்குலம். ரூபியா அகலம் 36 அங்குலம்தான் என்பதால் இரண்டு கீற்றைக் குறுக்காக இணைத்தேன். நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் கால் அங்குலத்தில் மிஷின் தையல், பின்பக்கம் திருப்பிக் கைத்தையல். மாட்டுவதற்கு வளையம் வேண்டாம். 4 அங்குலச் சதுரத் துண்டு இரண்டை முக்கோணமாக மடித்து, கரை தைக்கும்போதே பின்பக்கம் மேல் மூலைகளில் சேர்த்துப் பிடித்தால் இரண்டு பை மாதிரி நிற்கும். அதில் ஒரு மூங்கில் குச்சி. ஒற்றை ஆணியில் நேராகத் தொங்குகிறது.

நூல்கண்டு (திருநெல்வேலி)

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஆச்சிக்கு வலது கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மருந்து விட்டுக் கண்ணாடி எல்லாம் சரியான பிறகு, நேற்றுக் காலை கட்டிலில் உட்கார்ந்து ஒரு கண்ணைக் கையால் மூடுகிறாள், திறக்கிறாள், மறு கண்ணை மூடுகிறாள். என்ன ஆச்சி என்றால், "இந்தக் கண்ணுக்கு மயில் கழுத்தா இருக்கு. அந்தக் கண்ணுக்கு ராத்திரி மாதிரி இருக்கு. பூ மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றாள். கண்ணாடிப்பெட்டி தோழி, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

அப்புறம் எழுந்து கிட்டே வந்து ஒவ்வொரு பூவாகத் தடவிப் பார்த்தாள். "எல்லாம் சரி. காம்பு எங்கே? காம்பு இல்லாம எப்படிக் கட்டுவ?" என்று கேட்டாள். விசிறி மடலை மட்டும் வெட்டியிருக்கிறேன், நார் சுற்றுகிற அந்த மெல்லிய குழாயை விட்டுவிட்டேன். உடனே இறக்கி, வெளிர் மஞ்சள் எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, பக்கத்தில் அவளை உட்காரவைத்து, எது எந்தப் பக்கம் வளையும் என்று அவள் சொல்லச் சொல்லப் பதினொரு பூவுக்கும் காம்பு போட்டேன்.